கார் இல்லை, கடை இல்லை, குடிக்க தண்ணீரும் இல்லை... ஆனாலும் கூட்டம் குறையவில்லை! கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு போவது எப்படி?

கொடைரோடு:-

கொடைரோடு ரெயில் நிலையத்தில் விடியற்காலையில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "கொடைக்கானலுக்கு பஸ் எங்கே நிக்கும்?" என்பதுதான் அது. மலைக்கு போகிற வழி இந்த ஊரில் சின்ன பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் மலைக்கு நேர் எதிர் திசையில், கடலுக்கு நடுவே இன்னொரு இடம் இருக்கிறது. அங்கே போக ரோடு கிடையாது. பாலம் கிடையாது. தினசரி படகும் கிடையாது. வருடத்தில் ஒரு திருவிழாவுக்கு மட்டும்தான் பொதுமக்கள் காலடி வைக்க முடியும். அதுவும் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் திரும்பி விட வேண்டும். வேறு நாட்டு மண் என்றாலும் பாஸ்போர்ட் தேவையில்லை, விசா தேவையில்லை.

அதுதான் கச்சத்தீவு. அரசியல் மேடைகளில் இந்த பெயரை கேட்காத தமிழன் இருக்க முடியாது. ஆனால் அங்கே என்ன இருக்கிறது, யார் போகலாம், எப்படி போவது என்று கேட்டால் பல பேருக்கு சரியாக தெரியாது. அந்த விவரங்கள் வருமாறு:-

எங்கே இருக்கிறது?

ராமேசுவரத்துக்கும் யாழ்ப்பாணம் பக்கத்தில் உள்ள நெடுந்தீவுக்கும் நடுவே, பாக் ஜலசந்தியில் இருக்கிறது கச்சத்தீவு. ராமேசுவரத்தில் இருந்து நேர்கோட்டில் பார்த்தால் சுமார் 25 கிலோ மீட்டர். கொடைரோட்டில் இருந்து திண்டுக்கல் போகிற தூரத்தைப் போல அவ்வளவுதான். கடலில் போவதால் படகுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். காற்று எதிர்த்தால் இன்னும் நேரம் பிடிக்கும்.

தீவின் மொத்த பரப்பு 285 ஏக்கர். நீளம் சுமார் 1.6 கிலோ மீட்டர். அகலம் 300 மீட்டர் அளவுதான். ஒரு ஆள் வேகமாக நடந்தால் அரை மணி நேரத்தில் இந்த முனையில் இருந்து அந்த முனைக்கு போய்விடலாம். மணல், பவளப்பாறை, முள் செடி, புதர் இவைதான் இருக்கின்றன. குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. அதனாலேயே மக்கள் யாரும் குடியேறவில்லை. வீடு இல்லை, தெரு இல்லை. அதனால் காரும் இல்லை, பைக்கும் இல்லை.

'கச்சம்' என்றால் ஆமை என்று ஒரு பொருள் உண்டு. ஆமைகள் கரையேறும் தீவு என்பதால் இந்த பெயர் வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு.

கார் ஓடாத தீவுகள் உலகத்தில் வேறு சிலவும் இருக்கின்றன. அமெரிக்காவில் உள்ள மேக்கினா தீவில் 1898-ம் ஆண்டே மோட்டார் வண்டிக்கு தடை போட்டு விட்டார்கள். இன்றைக்கும் அங்கே குதிரை வண்டியும் சைக்கிளும்தான். கிரேக்க நாட்டில் ஹைட்ரா தீவில் சாமான் சுமப்பது கோவேறு கழுதைகள். அங்கெல்லாம் ஊர் இருக்கிறது, ஓட்டல் இருக்கிறது, தினமும் படகு போகிறது. கச்சத்தீவில் அது எதுவும் கிடையாது. ஒரே ஒரு கோவில்தான் இருக்கிறது. அந்த கோவிலுக்காகத்தான் கூட்டம்.

சேதுபதி சீமையில் இருந்த தீவு

கச்சத்தீவு பல காலம் ராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீனோடு சேர்த்து பார்க்கப்பட்ட தீவு. 19-ம் நூற்றாண்டில் ஜமீன் எழுதிக் கொடுத்த குத்தகை பத்திரத்தில் கச்சத்தீவும் வருகிறது. அந்த காலத்தில் துணிக்கு சிவப்பு சாயம் ஏற்றும் சாயவேருக்கு நல்ல கிராக்கி. கடலோர கிராமங்களிலும் தீவுகளிலும் அந்த வேரை தோண்டி எடுக்க குத்தகை விட்டார்கள்.

1921-ம் ஆண்டு சென்னை மாகாண அதிகாரிகளும் இலங்கை அதிகாரிகளும் கொழும்பில் கூடி, மீன்பிடிக்கும் எல்லையை பற்றி பேசினார்கள். அப்போதே கச்சத்தீவு யாருக்கு என்ற தகராறு வந்தது. இலங்கை தரப்பு உரிமை கொண்டாடியது. இந்திய தரப்பு ஜமீன் உரிமையை சொல்லி, அதை விட்டுக் கொடுக்கவில்லை என்று பதிவு செய்தது. கோடு போட்டார்களே தவிர அது ஒப்பந்தமாக உறுதி செய்யப்படவில்லை.

1948-ம் ஆண்டு ஜமீன் ஒழிப்பு சட்டம் வந்தது. சேதுபதி ஜமீன் நிலங்கள் அரசு கைக்கு வந்தன. கச்சத்தீவு பிரச்சினை அதன் பிறகும் இரண்டு நாடுகளுக்கும் நடுவே இழுத்துக் கொண்டே இருந்தது.

அந்தோணியார் வந்த கதை

இன்றைக்கு தீவின் அடையாளமே புனித அந்தோணியார் ஆலயம்தான். ராமநாதபுரம் மாவட்டம் தொண்டி பக்கத்தில் உள்ள நம்புதாளையை சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி என்பவர், 1900-களின் தொடக்கத்தில் இந்த கோவிலை கட்டினார் என்று சொல்லப்படுகிறது. கடலில் ஆபத்தில் சிக்கியவர் கரை சேர்ந்தால் கோவில் கட்டுவதாக நேர்ந்து கொண்டார் என்பது கடலோர மக்கள் வழிவழியாக சொல்லும் கதை.

அந்தோணியார் 1195-ம் ஆண்டு போர்ச்சுக்கல் நாட்டில் லிஸ்பன் நகரத்தில் பிறந்தவர். இத்தாலியில் பதுவா நகரத்தில் 1231-ம் ஆண்டு இறந்தார். அடுத்த ஆண்டே அவருக்கு புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது. மனிதர்கள் கேட்க மறுத்தபோது கடற்கரையில் மீன்களுக்கு பிரசங்கம் செய்தார் என்று அவரை பற்றி ஒரு கதை உண்டு. கடலோடிகள் அவரை காவலராக நினைத்து கும்பிடுகிறார்கள். காணாமல் போன பொருளை கண்டுபிடித்து கொடுப்பவர் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோவிலுக்கு போவது சாதாரண விஷயம்.

நடுக்கடலில் வலை காய வைக்கவும், இளைப்பாறவும் இந்த தீவில் ஒதுங்கிய ராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம் மீனவர்களும், நெடுந்தீவு, யாழ்ப்பாணம் பக்கத்து மீனவர்களும் ஒன்றாக கும்பிட்ட கோவில் இது. இரண்டு பக்கமும் ஒரே மொழி, ஒரே தொழில். திருவிழாவுக்கு வந்த இடத்தில் சம்பந்தம் பேசி கல்யாணம் முடித்த குடும்பங்களும் உண்டு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

பழைய கோவில் சின்ன கட்டிடம். இலங்கை கடற்படையினர் அதன் பக்கத்திலேயே புதிய ஆலயம் கட்டினார்கள். 2016-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி அது திறக்கப்பட்டது.

1974-ல் என்ன நடந்தது?

1974-ம் ஆண்டு ஜூன் மாதம் இந்திய பிரதமர் இந்திரா காந்தியும் இலங்கை பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். ஜூன் 26-ந் தேதி கொழும்பிலும், 28-ந் தேதி டெல்லியிலும் கையெழுத்து ஆனது. பாக் ஜலசந்தியில் கடல் எல்லைக்கோடு போடப்பட்டது. கச்சத்தீவின் மேற்கு கரையில் இருந்து சுமார் ஒரு மைல் தள்ளி அந்த கோடு போனது. தீவு இலங்கை பக்கம் போய்விட்டது.

அந்த ஒப்பந்தத்தின் 5-வது பிரிவுதான் இன்றைக்கும் முக்கியமானது. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்பு போலவே கச்சத்தீவுக்கு வந்து போகலாம், அதற்கு பயண ஆவணமோ விசாவோ இலங்கை கேட்கக்கூடாது என்று அதில் சொல்லப்பட்டு இருக்கிறது. திருவிழாவுக்கு பாஸ்போர்ட் இல்லாமல் போக முடிகிறது என்றால் அதற்கு காரணம் இந்த பிரிவுதான்.

ஒப்பந்தத்துக்கு தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. அப்போதைய முதல்-அமைச்சர் கருணாநிதி, 1974-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்தார்.

1976-ம் ஆண்டு ஜனவரி மாதம் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஜனாதிபதி ஆட்சி நடந்து கொண்டிருந்தபோது, அதே ஆண்டு மார்ச் 23-ந் தேதி இரண்டாவது ஒப்பந்தம் வந்தது. மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா பகுதியிலும் எல்லைக்கோடு போடப்பட்டது. அதோடு இரண்டு நாட்டு வெளியுறவு செயலாளர்களும் கடிதம் மாற்றிக் கொண்டார்கள். ஒரு நாட்டு மீனவர் இன்னொரு நாட்டு கடலில் மீன் பிடிக்கக்கூடாது என்று அந்த கடிதத்தில் எழுதப்பட்டது.

ஆக, கோவிலுக்கு போகலாம், ஆனால் மீன் பிடிக்க முடியாது என்ற நிலை வந்தது. மீனவனுக்கு கச்சத்தீவு என்றால் கோவில் மட்டும் இல்லை. அதை சுற்றியுள்ள மீன்பாடுதான் அவன் வயிற்றுப்பாடு. இன்று வரை தீராத தகராறு அங்கேதான் தொடங்குகிறது.

திருவிழா எப்போது?

கிறிஸ்தவர்களின் தவக்காலத்தில், பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் மாதத்தில் திருவிழா நடக்கும். ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். 2023-ல் மார்ச் 3, 4 ஆகிய தேதிகளிலும், 2025-ல் மார்ச் 14, 15 ஆகிய தேதிகளிலும் நடந்தது. பெரும்பாலும் வெள்ளி, சனி என்று 2 நாள்.

யாழ்ப்பாணம் மறைமாவட்டம்தான் திருவிழாவை நடத்துகிறது. தமிழ்நாட்டில் சிவகங்கை மறைமாவட்டத்துக்கு அழைப்பு வரும். ராமேசுவரம் வேர்க்கோடு புனித சூசையப்பர் ஆலயம் வழியாக பக்தர்களின் பயண ஏற்பாடு நடக்கும். தேதி உறுதியானதும் ராமநாதபுரம் மாவட்ட நிர்வாகம் கூட்டம் போட்டு, படகு எத்தனை, ஆள் எத்தனை என்று முடிவு செய்யும்.

வெள்ளிக்கிழமை காலையில் இருந்து ராமேசுவரத்தில் படகுகள் கிளம்பும். மாலையில் கொடியேற்றம். அதன் பிறகு சிலுவைப்பாதை. தீவை சுற்றி பாடிக்கொண்டே நடப்பார்கள். இரவில் அந்தோணியார் சொரூபம் வைத்த தேர்பவனி. சனிக்கிழமை காலையில் கூட்டு திருப்பலி. தமிழிலும் சிங்களத்திலும் ஜெபம் நடக்கும். கொடி இறக்கியதும் அவரவர் படகில் ஏறி, அவரவர் ஊருக்கு.

கொடைரோட்டில் இருந்து போக...

கொடைரோட்டில் இருந்து முதலில் மதுரை போக வேண்டும். சுமார் 40 கிலோ மீட்டர். ரெயிலும் உண்டு, பஸ்சும் உண்டு. பஸ்சில் போனால் ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து மாட்டுத்தாவணிக்கு டவுன் பஸ் பிடிக்க வேண்டும். மாட்டுத்தாவணியில் இருந்து ராமேசுவரத்துக்கு பஸ் போகிறது. தூரம் சுமார் 170 கிலோ மீட்டர்.

ரெயிலில் போகிறவர்கள் மதுரை ஜங்ஷனில் ராமேசுவரம் வண்டி மாறலாம். பழைய பாம்பன் ரெயில் பாலம் 1914-ல் திறந்தது. அதில் 2022 டிசம்பரில் ரெயில் நிறுத்தப்பட்டது. 2 ஆண்டுக்கு மேல் மண்டபத்தோடு வண்டி நின்றுவிட்டது. 2025-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி புதிய பாலத்தை பிரதமர் மோடி திறந்து வைத்தார். அதன் பிறகு ரெயில் மீண்டும் ராமேசுவரம் வரை போகிறது. கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். ரோட்டில் போகிறவர்களுக்கு 1988-ல் திறந்த இந்திரா காந்தி பாலம் இருக்கிறது.

படகு காலையிலேயே கிளம்பி விடும். அதனால் முதல் நாளே ராமேசுவரம் போய் சேர்ந்து விடுவது நல்லது. திருவிழா அன்றைக்கு காலையில் கொடைரோட்டில் பஸ் ஏறினால் கதை நடக்காது.

விண்ணப்பம் போடுவது எப்படி?

இதுதான் முக்கியமான விஷயம். டிக்கெட் கவுண்ட்டரில் போய் நின்று டிக்கெட் வாங்குகிற பயணம் இது கிடையாது. முன்கூட்டியே பெயர் கொடுக்காதவர்கள் படகில் ஏற முடியாது.

திருவிழாவுக்கு பல நாள் முன்பே விண்ணப்பம் கொடுக்கப்படும். புகைப்படம், ஆதார் போன்ற அடையாள அட்டை நகல் வைக்க வேண்டும். விண்ணப்பங்களை அதிகாரிகளும் போலீசாரும் சரிபார்ப்பார்கள். என்னென்ன சான்று வேண்டும், கடைசி தேதி எது, படகு கட்டணம் எவ்வளவு என்பது ஒவ்வொரு ஆண்டும் அறிவிக்கப்படும். போன வருடம் போனவர் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல், அந்த ஆண்டு அறிவிப்பை பார்த்துக் கொள்வது நல்லது. அரசு வேலையில் இருப்பவர்கள் தங்கள் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டி வரும்.

பொதுமக்கள் போவது ராமேசுவரம் மீனவர்களின் விசைப்படகுகளில்தான். மீன்வளத்துறை அதிகாரிகள் படகின் தகுதியை பார்த்து அனுமதி கொடுப்பார்கள். ஒரு படகில் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. நாட்டுப்படகுகளில் மீனவ குடும்பங்கள் தனியாக போவதும் உண்டு.

புறப்படும் இடத்தில் சுங்கத்துறை, போலீஸ் சோதனை நடக்கும். பெயர், படகு எண் எல்லாம் சரிபார்த்த பிறகே அனுப்புவார்கள். நடுக்கடலில் எல்லை வரைக்கும் இந்திய கடலோர காவல்படை, கடற்படை பாதுகாப்பு. எல்லைக்கு அப்பால் இலங்கை கடற்படை கண்காணிப்பு.

என்ன எடுத்துப் போகணும்?

தண்ணீர்தான் முதல். தீவில் இலங்கை அரசு தரப்பில் தண்ணீரும் சாப்பாடும் ஏற்பாடு செய்வார்கள். ஆனாலும் கையில் ஒரு நாளைக்கு தேவையான தண்ணீர் இருந்தால் நிம்மதி. இட்லி, சப்பாத்தி, புளியோதரை மாதிரி சீக்கிரம் கெட்டுப் போகாத சாப்பாடு நல்லது. பிள்ளைகளுக்கு பிஸ்கட், பழம் வைத்துக் கொள்ளலாம்.

லாட்ஜ் கிடையாது. மணலில் விரிப்பு போட்டு படுக்க வேண்டியதுதான். பகலில் நல்ல வெயில், நிழலுக்கு பெரிய மரம் இல்லை. ராத்திரி கடல் காற்று குளிரும். ஒரு போர்வை, தலைக்கு துண்டு, டார்ச் லைட் அவசியம்.

படகில் லைப் ஜாக்கெட் கொடுத்தால் போட்டுக் கொள்ள வேண்டும். "நமக்கென்ன, சும்மா கையில வச்சுக்கலாம்" என்று நினைக்கக்கூடாது. சமவெளியில் இருந்து போகிறவர்களுக்கு கடல் பழக்கம் இல்லை. வாந்தி, தலைசுற்றல் வரும். வெறும் வயிற்றிலும் ஏறக்கூடாது, வயிறு முட்ட சாப்பிட்டும் ஏறக்கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 2 நாளைக்கு உள்ள மாத்திரையை பிரித்து 2 பையில் வைத்துக் கொள்வது நல்லது. ஒரு பை நனைந்தாலும் இன்னொன்று கை கொடுக்கும்.

கரையில் பெரிய படகு வந்து நிற்க துறைமுகம் கிடையாது. ஏறி இறங்கும்போது கால் நனையும். வயதானவர்களுக்கு ஒரு ஆள் துணை கட்டாயம் வேண்டும்.

மது, போதைப் பொருள் எடுத்துப் போகக்கூடாது. பிளாஸ்டிக் பொருளுக்கும் தடை போடுவார்கள். வியாபார நோக்கத்தில் மூட்டை கட்டிக் கொண்டு போனால் சோதனையில் இறக்கி வைத்து விடுவார்கள். திருவிழாவில் இலங்கை வியாபாரிகள் தற்காலிக கடை போடுவது உண்டு. இலங்கை சோப்பு, தேங்காய் எண்ணெய் வாங்கி வருவது நம்ம ஊர் ஆட்களுக்கு பழைய பழக்கம். அதையும் வீட்டு தேவை அளவோடு நிறுத்திக் கொள்ள வேண்டும்.

தடைபட்ட ஆண்டுகள்

நினைத்த வருடம் எல்லாம் போய் விட முடியாது என்பதையும் தெரிந்து கொள்ள வேண்டும். 1983-ல் இலங்கையில் கலவரம் வெடித்து போர் மூண்டது. அந்த ஆண்டுகளில் திருவிழாவும் தடைபட்டது. 2009-ல் போர் முடிந்த பிறகுதான் இரண்டு நாட்டு மக்களும் மறுபடி பெரிய அளவில் கூடினார்கள்.

2017-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி தங்கச்சிமடத்தை சேர்ந்த இளம் மீனவர் ஒருவர் கடலில் துப்பாக்கி சூட்டில் இறந்தார். இலங்கை கடற்படைதான் சுட்டது என்று மீனவர்கள் குற்றம் சாட்டினார்கள். கடற்படை மறுத்தது. திருவிழாவுக்கு சில நாட்களே இருந்தன. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் இருந்து படகு போகவில்லை.

2021-ல் கொரோனா காரணமாக இந்திய பக்தர்களுக்கு அனுமதி இல்லை. 2022-ல் ஆள் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. 2023-ல் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போய் வந்தார்கள். 2024-ல் பிப்ரவரி 23, 24 ஆகிய தேதிகளில் திருவிழா. படகு ஓட்டிய தமிழக மீனவர்களுக்கு இலங்கை கோர்ட்டு ஜெயில் தண்டனை கொடுத்ததை கண்டித்து ராமேசுவரம் விசைப்படகு மீனவர்கள் திருவிழாவை புறக்கணித்தார்கள். பெயர் கொடுத்து, பையை கட்டி வைத்திருந்தவர்கள் ஏமாந்து போனார்கள். 2025-ல் மறுபடியும் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள்.

மீனவர் சிறைபிடிப்பு ஏன்?

"எல்லை தாண்டி மீன் பிடித்ததாக மீனவர்கள் கைது" என்ற செய்தி வராத மாதம் குறைவு. இதற்கு பின்னால் இரண்டு பக்கத்து வலியும் இருக்கிறது.

நம்ம பக்கம் கடல் குறுகலானது. ராமேசுவரத்தில் இருந்து கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் எல்லை வந்துவிடும். கடலில் வேலியோ மைல் கல்லோ கிடையாது. காற்று அடித்தால், என்ஜின் நின்றால் படகு அந்த பக்கம் போய் விடும். எல்லை தெரிந்தே தாண்டுகிறவர்களும் உண்டு. கரைக்கு பக்கத்தில் மீன்வளம் குறைந்து விட்டதும், படகு கடனும், டீசல் செலவும் அவர்களை விரட்டுகின்றன. கூலிக்கு போகும் மீனவனுக்கு படகு போகிற திசையை முடிவு செய்யும் உரிமையே கிடையாது. ஆனால் பிடிபட்டால் ஜெயிலுக்கு போவது அவன்தான்.

அந்த பக்கம் யாழ்ப்பாணத்து மீனவர்களும் தமிழர்கள்தான். போர் நடந்த காலத்தில் அவர்களை கடலுக்கே விடவில்லை. இப்போது சின்ன படகில் வலை போட்டு பிழைக்கிறார்கள். விசைப்படகின் இழுவை மடி கடல் அடியை வாரிக் கொண்டு போகும்போது அவர்கள் வலை அறுந்து விடுகிறது, மீன் குஞ்சும் மிஞ்சுவது இல்லை என்பது அவர்கள் புகார். 2017-ல் இலங்கை இழுவை மடி மீன்பிடிப்பை தடை செய்தது. 2018-ல் வெளிநாட்டு படகுகளுக்கு அபராதத்தை பல மடங்கு ஏற்றியது. பறிமுதல் ஆகும் படகு திரும்புவது அபூர்வம். ஒரு படகு போனால் ஒரு குடும்பத்தின் முதல் எல்லாம் போச்சு.

இந்த இரண்டு பக்கத்து மீனவர்களும் போலீஸ், கோர்ட்டு, கடற்படை யாரும் நடுவில் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற ஒரே நாள் கச்சத்தீவு திருவிழாதான்.

கோர்ட்டில் வழக்கு, சட்டசபையில் தீர்மானம்

கச்சத்தீவை திரும்ப பெற வேண்டும் என்று 2008-ம் ஆண்டு ஜெயலலிதா சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு போட்டார். 2011-ல் தமிழக அரசும் அந்த வழக்கில் சேர்ந்து கொண்டது. 2013-ல் கருணாநிதியும் மனு செய்தார். 2025-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி, முதல்-அமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் கொண்டு வந்த தீர்மானம் சட்டசபையில் நிறைவேறியது. ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்து தீவை மீட்க மத்திய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதில் கேட்கப்பட்டது.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி இலங்கை அதிபர் அனுர குமார திசநாயக கச்சத்தீவுக்கு நேரில் போய் வந்தார். தீவை விட்டுத் தர முடியாது என்பதுதான் இலங்கையின் நிலை.

கொடைரோட்டுக்கும் அந்த கடலுக்கும் என்ன சம்பந்தம்?

கடலே இல்லாத ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கொடைரோட்டு தண்டவாளத்துக்கு அந்த கடலோடு பழைய உறவு இருக்கிறது. திருச்சியில் இருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு 1875-ல் ரெயில் பாதை வந்தது. அடுத்த ஆண்டு தூத்துக்குடி வரை நீண்டது. 1914-ல் தனுஷ்கோடி வழி திறக்கும் வரை, சென்னையில் இருந்து ரெயிலில் இலங்கைக்கு போனவர்கள் இந்த வழியாகத்தான் தூத்துக்குடிக்கு போய் கப்பல் ஏறினார்கள். தேயிலை தோட்ட வேலைக்கு போன ஏழை ஜனங்களும் அதில் உண்டு. 1964-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு ராமேசுவரத்தில் இருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலும் 1980-களில் போரோடு நின்று போனது.

போரில் தப்பி படகு ஏறி வந்தவர்கள் நம்ம மாவட்டத்திலேயே வாழ்கிறார்கள். திண்டுக்கல் பக்கத்தில் தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்களில் இருந்த இலங்கை தமிழர்களுக்காக, தோட்டனூத்தில் 321 வீடுகள் கட்டி 2022-ம் ஆண்டு செப்டம்பரில் கொடுக்கப்பட்டன. கச்சத்தீவை சுற்றியுள்ள அந்த கடல்தான் அவர்களையும் அவர்கள் சொந்த பந்தத்தையும் பிரித்தது.

இப்போது நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு பயணிகள் கப்பல் விடப்பட்டு இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. ஆனால் அதற்கு பாஸ்போர்ட் வேண்டும். கையில் ஆதார் மட்டும் உள்ள கூலித்தொழிலாளி இலங்கை மண்ணில் கால் வைக்க வேண்டும் என்றால், அதற்கு இருக்கிற ஒரே வழி கச்சத்தீவு திருவிழாதான்.

கடலில் போக பயம் உள்ளவர்கள், விண்ணப்பம் கிடைக்காதவர்கள் கன்னியாகுமரிக்கு போகலாம். விவேகானந்தர் பாறைக்கு பூம்புகார் கப்பல் போக்குவரத்து கழக படகு போகிறது. கடல் கொந்தளிப்பு இல்லாத நாளில் டிக்கெட் எடுத்தால் சில நிமிடத்தில் பாறைக்கு போய்விடலாம்.

கச்சத்தீவுக்குத்தான் போகணும் என்று நேர்ந்து கொண்டவர்கள், பொங்கல் முடிந்ததில் இருந்தே ராமேசுவரம் செய்திகளை கவனித்து வர வேண்டும். விண்ணப்பம் கொடுக்கும் நாள் சட்டென்று வந்து போய்விடும். திருவிழா முடிந்து படகுகள் இரண்டு பக்கமும் பிரிந்த பிறகு, தீவில் அந்தோணியாரும் காவலுக்கு நிற்கும் கடற்படையினரும்தான் மிச்சம். அடுத்த வருடம் படகு போகுமா என்பது அந்த ஒரு வருடத்தில் கடலில் என்ன நடக்கிறது என்பதை பொறுத்தது.